ஐநூற்று அறுபது அடி

வாசுகி அன்று காலை அப்படிச் சிரித்திருக்காவிட்டால், தரணிதரன் அடுத்த வாரமே லாரியில் ஏறியிருப்பான். அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று நினைத்தாலே அவன் மனைவி சிந்துஜாவுக்கு இன்றும் தூக்கம் போய்விடும்.

வாசுகி தரணியின் அக்கா. கல்யாணமாகி ஹூஸ்டனுக்குப் போய் வெகு காலம் ஆகிறது. தம்பிக்குப் பார்வை திரும்பிவிட்டது என்ற சேதி கேட்டதும் விடுப்பு எடுத்துக்கொண்டு பல்லடத்துக்கு ஓடி வந்திருந்தாள். வந்த மறுநாள், சிந்துஜா அடுப்படியில் பச்சைப்பயிறு கடைந்துகொண்டிருந்தாள். கூடத்தில் தரணி வெறுங்கையோடு நின்று, கண்ணுக்குத் தெரியாத மட்டை ஒன்றைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். சுவர்த் திரையில் கட்டம் கட்டமாக ஒரு பச்சை மைதானம். உளுந்து அளவில் ஒரு வெள்ளைப் பந்து. மட்டை பட்டதும் பந்து எகிறி, வேலியைத் தாண்டி, திரையின் விளிம்பில் மறைந்தது. மஞ்சள் எழுத்துகள் மின்னின.

“ஐநூத்தி அறுபது அடி!” தரணி கையைத் தூக்கிக் குதித்தான். “பாத்தியாக்கா? ஹோம் ரன்!”

வாசுகி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சின்னச் சிரிப்பல்ல. தோள் குலுங்கி, கண்ணில் நீர் வருகிற சிரிப்பு.

“டேய், எத்தன அடீன்னு சொன்னே?”

“ஐநூத்தி அறுபது. நேத்து இன்னும் அதிகம்.”

“எம்பையன் பள்ளிக்கொடத்துல இருந்து பேஸ்பால் ஆடறான்டா. நான் எத்தன மைதானத்துல வெயில்ல காஞ்சிருப்பேன்! மலையாட்ட இருக்கற ஆட்டக்காரன் அடிச்சாலே நானூறு, நானூத்திச் சொச்சம். ஐநூறத் தாண்டுச்சுன்னா மறுநாள் பூரா டீவில அதையேதான் காட்டுவான். நீ லுங்கியக் கட்டிட்டு நின்னு தெனமும் ஐநூத்தி அறுபது அடிக்கறியா? கிரிக்கெட்டுல ஒருத்தன் எரநூறு மீட்டருக்கு சிக்ஸர் அடிச்சான்னா நீ நம்புவியா?”

“வெளையாட்டுத்தானக்கா. வுடு.”

அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். சிந்துஜாவின் கையில் மத்து நின்றுவிட்டது. அவர்களைப் பொறுத்தவரை அது விளையாட்டு. ஆனால் அந்த விளையாட்டுதான் தன் கணவனுக்குத் தூரம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தது என்பது அவளுக்குத் தெரியும்.

தரணி காற்றாலை இறக்கைகளை ஏற்றிச் செல்லும் நீள லாரி ஓட்டியவன். றெக்கை வண்டி என்பார்கள். சாதாரண லாரிகளெல்லாம் ஓட்டுநர் இல்லாமல் தாமாகவே ஓடத் தொடங்கிவிட்ட காலத்திலும், உடுமலைப் பக்கத்து ஊர்களின் வளைவுகளில் அந்த றெக்கையைத் திருப்புவதற்கு மட்டும் மனிதன் வேண்டியிருந்தது. அந்த மனிதர்களில் தரணிக்கு நல்ல பெயர். பட்டறையில் ஒரு நாள் லாரியின் பேட்டரி வெடித்தது. உயிர் தப்பியது, இரண்டு கண்களும் போயின.

இரண்டு வருஷம் இருட்டு. பிறகு கோயம்புத்தூரில் இருந்த செயற்கைப் பார்வை மையம் ஒன்று அவன் மண்டைக்குள் ஒரு கணினிச் சில்லைப் பதித்தது. மூக்குக் கண்ணாடி போன்ற ஒரு கருவி வெளியுலகத்தைப் படம் பிடித்துச் சில்லுக்கு அனுப்பும். சில்லு மூளைக்குச் சொல்லும். படம் சீக்கிரம் வந்துவிட்டது. தூரம்தான் வரவில்லை. எதிரே இருக்கும் டம்ளரும் எதிர்வீட்டுக் கூரையும் ஒரே காகிதத்தில் ஒட்டியதுபோல் தெரிந்தன. தூரத்தைப் பழக்குவதற்காகத்தான் மையத்தில் அந்தப் பழைய பேஸ்பால் விளையாட்டைக் கொடுத்தார்கள். பல மாதம் மட்டை வீசினான். ஒரு நாள் காலையில், கொல்லையில் பறந்த கொக்கைப் பார்த்து, “அம்மிணி, அது அங்க போகுது, நாம இங்க நிக்கறோம்” என்று சொல்லித் தேம்பி அழுதான்.

இப்போது அடுத்த வியாழக்கிழமை ஓட்டுநர் உரிமத்துக்கான சோதனை. தேறிவிட்டால் மறுநாளே றெக்கை வண்டி அவன் கைக்கு வரும். கம்பெனியில் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

*

சிந்துஜா மறுநாள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏறினாள். கோழித் தீவனத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. வாசுகி அண்ணியிடம் துணி எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

மையத்தில் தரணிக்குப் பயிற்சி கொடுத்தவன் ஆன்டோ. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், தரணியின் மேல் உயிரையே வைத்திருந்தான்.

“வாங்கக்கா, வாங்க. அண்ணாச்சி எப்படி இருக்காக? வியாழக்கிழமை நானும் வாரேன், சொல்லுங்க.”

“ஒண்ணு கேக்கறனுங்க ஆன்டோ, சிரிக்கக் கூடாது. அந்த வெளையாட்டுல வர்ற தூரமெல்லாம் நெசந்தானுங்களா?”

“அத வச்சுத்தானக்கா மூளைக்கே பாடம் நடத்துனோம்.”

“அது தெரியுமுங்க. நெசமான்னுதான் கேட்டேன்.”

ஆன்டோ நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தான். “ஆரம்பத்துல சில்லு கொடுக்குத படம் வெறும் புள்ளிதான்க்கா. இந்தக் காலத்து வெளையாட்ட அதுல காட்டுனா கஞ்சி மாதிரி கலங்கிரும். நம்ம தாத்தா காலத்து டீவி வெளையாட்டுதான் அதுல தெளிவா நிக்கும். கிரிக்கெட்ட வச்சுத்தான் முதல்ல தேடுனோம். ஆனா அந்தக் காலத்து கிரிக்கெட்ல சிக்ஸ்னா சிக்ஸ். கயித்துக்கு அந்தப் பக்கம் விழுந்தாலும் ஆறு, அடுத்த தெருவுல விழுந்தாலும் ஆறு. மூளைக்கு அது பத்தாது. இதுல பந்து எங்க விழுந்துச்சு, எத்தன அடின்னு உடனே எழுதிக் காட்டிருதான். பந்தப் பாரு, எண்ணப் பாரு. பந்தப் பாரு, எண்ணப் பாரு. அப்படித்தான் தூரம் பதியும்.”

“அந்த எண்ணு சரியான்னு யாரு பாத்தா?”

“நாங்கதான். மைதானத்துக்குள்ள ஓடுததுக்கு நாலு மூலை இருக்கு பாத்தீங்களா, ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் நடுவுல தொண்ணூறு அடி இருக்கணும். அளந்து பாத்தோம். ஒரு புள்ளி பிசகல.”

“அதுக்கு அக்கட்டால? வேலி வரைக்கும்?”

“வேலியிலயே எழுதிருக்குல்லா, நானூறுன்னு.”

“எங்க லேப்ல மூட்டை மேல எழுதியிருக்கறத நம்புனோம்னா, ஜில்லாவுல ஒரு கோழி மிஞ்சாதுங்க.”

ஆன்டோ சிரிக்க வாயெடுத்தான். சிரிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பி விளையாட்டைத் திறந்தான். ஒரு மைதானத்தை மேலிருந்து பார்க்கும்படி விரித்து, அடிப்பவன் நிற்கும் இடத்திலிருந்து நடு வேலி வரைக்கும் ஒரு கோடு இழுத்தான். முன்பு அளந்த அதே அளவுகோல். கோட்டின் கீழே எண் வந்தது. அவன் அதை அழித்துவிட்டு மறுபடியும் இழுத்தான்.

“எரநூத்தி அறுபது,” என்றான்.

அடுத்த மைதானம். வேலியில் முந்நூற்று எண்பது என்று எழுதியிருந்தது. கோடு இருநூற்று அறுபதைத்தான் காட்டியது. இன்னொரு மைதானத்தில் இடது பக்கம் ஆள் உயரத்துக்கு நாலு மடங்காக ஒரு சுவர், நடுவில் நானூற்று முப்பது என்ற எண். அங்கேயும் அதே இருநூற்று அறுபது. மிச்சமிருந்த ஐந்திலும் அப்படியே.

“எட்டு மைதானம், எட்டு ஊரு, எட்டு அளவு. பலகையில மட்டும்தான்க்கா. அடியில படம் ஒண்ணேதான்.” ஆன்டோவின் குரல் இறங்கிவிட்டது. “இந்த வெளையாட்டச் செஞ்சவனுக்கு அன்னைக்கு டீவி சின்னதுல்லா. உள்மைதானம் ஒழுங்கா இருந்தாத்தான் ஆள ஓட விட முடியும். அதனால அத அப்படியே வச்சுக்கிட்டு, வெளிய இருக்குத புல்தரையப் பூரா அமுக்கிட்டான். வேலியில உண்மையான அளவ எழுதிட்டான். அதுக்கு மேல, வீட்ல உக்காந்து ஆடுத புள்ளை சந்தோசப்படட்டும்னு ஹோம் ரன்னுக்குத் தாராளமா எண்ணையும் அள்ளிப் போட்டிருக்கான். அந்த ஊர்ல யாராவது இத ஒரு தடவ பாத்திருந்தாச் சிரிச்சிருப்பாங்க. எங்க ரூம்ல இருந்த அத்தன பேரும் கிரிக்கெட் பைத்தியம். ஐநூத்தி அறுபதுன்னு வந்தப்ப நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? கை தட்டுனோம்க்கா.”

சிந்துஜா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். “அப்படீன்னா அவுங்களுக்கு...”

“தொண்ணூறு அடிக்குள்ள துல்லியம். ஊசியில நூலு கோத்திருவாக. அதத் தாண்டிட்டா, எல்லாமே இருக்குததவிடத் தள்ளித் தெரியும். போகப் போக இன்னும் தள்ளி.”

அவளுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. பார்வை வந்ததிலிருந்து தரணி ஓயாமல் திட்டுவான்: இந்த ஊர் பஸ்காரன்களுக்கெல்லாம் பேய் பிடித்துவிட்டது, எங்கேயோ வருகிறான் என்று பார்த்தால் கண் மூடித் திறப்பதற்குள் முன்னால் வந்து நிற்கிறான் என்று. அவள் அதை ஆன்டோவிடம் சொன்னாள்.

“அதான்க்கா. அவன் நெசத்துல பக்கத்துலதான் வாரான். அண்ணாச்சி கண்ணுக்கு எட்டாத தூரத்துல தெரியுதான். கிட்ட வரும்போது அந்தத் தூரத்த எப்படியாவது முடிச்சாகணும்லா, அதான் பறந்து வார மாதிரி இருக்கு.”

“சரி பண்ணுங்க.”

ஆன்டோ திரையில் இழுத்த கோட்டை அழித்தான். “மூளை ஒருக்கா பழகிட்டா மேலோட திருத்த முடியாதுக்கா. சில்ல நிறுத்தணும். பழகுனத மறக்குத வரைக்கும் இருட்டு. மாசக் கணக்குல ஆகும். அப்புறம் முதல்லருந்து. பத்துல ரெண்டு மூணு பேருக்குத் திரும்ப வராமலே போனாலும் போகலாம்.”

அவன் எழுந்து மாடிக்குப் போய், மையத்தின் தலைவியான பெரிய மேடத்திடம் பேசிவிட்டு வந்தான். போன வேகம் வரும்போது இல்லை. “சட்டத்துல சோதனை தொண்ணூறு அடிக்குள்ளதான், அதுல எல்லாரும் பாஸ்னு சொல்லுதாங்க. ரெண்டாயிரம் பேருக்குக் கண்ணு கிடைச்சிருக்கு, இத வெளிய சொன்னா அத்தன பேரும் பயந்து செத்துருவாங்கன்னு சொல்லுதாங்க. அவங்க சொல்லுததுலயும் ஒரு ஞாயம் இருக்குக்கா. பாதிப் பேரு வீட்டுக்குள்ள இருக்கிறவங்க. பேத்தி மொகம் தெரிஞ்சாப் போதும்னு வந்தவங்க.”

“ரோட்டுல இருக்கறவங்களுக்கு என்னுங்க ஞாயம்?”

ஆன்டோ திரையை அணைத்தான்.

*

சாயங்காலம் தரணியை வீட்டுக்குப் பின்னால் இருந்த தரிசுக்குக் கூட்டிப் போனாள். வரப்பில் அவனை நிற்க வைத்துவிட்டு, அவள் மட்டும் வேலி முள்ளை ஒட்டி நடந்து போய் நின்றாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் கையை வாயில் குவித்து, “ஏனுங்க, நான் எத்தன தூரத்துல நிக்கறேன், சொல்லுங்க!” என்று கத்தினாள்.

அவன் தலையைச் சற்றுச் சாய்த்து நின்றான். பிறகு வரப்பிலிருந்து இறங்கி நேராக அவளிடமே நடந்து வந்தான்.

“எந்தக் கணக்குச் சொல்லோணும்?” என்று கேட்டான். “கண்ணுக்கா, காதுக்கா?”

“என்னுங்க சொல்றீங்க?”

“ரெண்டு வருசம் நான் காதுலதான அம்மிணி பாத்துட்டு இருந்தேன். நீ அடுப்படியில இருக்கியா, கெணத்தடியில இருக்கியான்னு உங்கொரல வச்சே சொல்லுவனே. கண்ணு வந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. நீ இதே வேலிகிட்ட நின்னு கூப்புட்டே. கொரலு பக்கத்துல கேக்குது. ஆளு அங்க எங்கியோ நிக்கறே. யாரோ ஒருத்தி உங்கொரல்ல பேசறாப்பல இருந்துச்சு.”

அவ்வளவு நேரம் பஸ்ஸில் சிந்துஜா சுமந்து வந்ததை அவன் எத்தனையோ மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறான்.

“ஏன் மாமா சொல்லல?”

“சொன்னாக் கண்ணப் புடுங்கிக்குவாங்க. வேறென்ன பண்ணுவாங்க?”

அவள் மையத்துக்குப் போய் வந்ததைச் சொன்னாள். ஆன்டோ சொன்னது முழுவதையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே ஒரு முள்குச்சியை ஒடித்து ஒடித்துப் போட்டான்.

“நான் கழிச்சுக்குவேன்,” என்றான். “தூரத்துல தெரியறத மனசுலயே கொஞ்சம் கழிச்சுட்டாப் போச்சு. பழகிருச்சு.”

“எதுக்கால பஸ்ஸு வர்றப்பக் கழிச்சுக் கூட்டீட்டு இருப்பீங்களா? பின்னாடி அம்பது டன்னு றெக்கை. ஸ்கூல் விட்டுப் புள்ளைங்க சைக்கிள்ல வரும்.”

“நான் பதினாறு வருசம் ஓட்டுனவன், சிந்து.”

“அந்தக் கண்ணு போயிருச்சுங்க. இது வேற கண்ணு.”

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் தெரிந்தது. தரணியின் முகம் கல்லாகிவிட்டது.

“பொய்யா இருந்தாலும் என்ற கண்ணு,” என்றான். “அந்த இருட்டு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? நீ விளக்கப் போட்டுட்டு அதுக்குள்ள வந்து போயிட்டு இருந்தவ. நான் அதுக்குள்ளயே கெடந்தேன். மறுக்காப் போன்னு சொல்றதுக்கு உனக்கு எப்படி வாய் வந்துது?”

அவன் முன்னால் நடந்தான். அவள் பின்னால் போனாள்.

*

வியாழக்கிழமை வரைக்கும் வீட்டில் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசுகி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நான் வந்ததுனால சண்டையா? சொல்லுங்க, நாளைக்கே கெளம்பிர்றேன். உங்க கொழம்புல உப்பும் இல்ல, பேச்சுலயும் இல்ல” என்றாள். சிந்துஜா சிரித்துச் சமாளித்தாள். சொல்லிவிடலாம் என்று பலமுறை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால், அண்ணி ஒரு சிரிப்பினால் தம்பியின் கண்ணை அணைத்தவளாகிவிடுவாள்.

தானே உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுதிவிட்டால் என்ன என்றும் யோசித்தாள். யோசித்த அன்று அவனுக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “நெய் ஊத்து” என்றான். அந்த வாரத்தில் அவன் அவளிடம் பேசியது அவ்வளவுதான்.

செயற்கைப் பார்வைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு சோதனைத் திடல் இருந்தது. சுற்றிலும் தகர வேலி. ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவில் தரணி லாரியை நெளித்து நெளித்து ஓட்டினான். பின்னோக்கி எடுத்து, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ளங்கை நுழையும் இடைவெளியில் நிறுத்தினான். வேடிக்கை பார்த்தவர்கள் விசிலடித்தார்கள். வாசுகி கை வலிக்கத் தட்டினாள். ஆன்டோ தட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்ஸ்பெக்டர் நடு வயதுக்காரர், நல்ல தொந்தி. “பிரமாதம்யா! கண்ணு இருக்கறவன்கூட இப்படி நிறுத்த மாட்டான்,” என்று கை குலுக்கினார். தரணியின் கைப்பேசி ஒருமுறை மணியடித்தது. உரிமம் வந்துவிட்டது.

சிந்துஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

“சார்,” தரணியின் குரல் கேட்டது. “இன்னொரு டெஸ்ட் வைங்க சார். வெளிய, ரோட்டுல.”

“எதுக்கு? அதான் பாஸாயிட்டியே.”

“வைங்க சார்.”

அவன் குரலில் இருந்த ஏதோ ஒன்று இன்ஸ்பெக்டரை நடக்க வைத்தது. வாசலுக்கு வெளியே தாராபுரம் சாலை நூல் பிடித்தாற்போல் ஓடியது. தூரத்தில் ஒரு பால் வண்டி நின்றுகொண்டிருந்தது.

“அந்தப் பால் வண்டி என்ற கண்ணுக்கு நானூறு மீட்டருங்க. நீங்க அளந்து பாருங்க.”

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து அளவுமானியை எடுத்து நீட்டினார். பார்த்தார். அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “எரநூத்தி நாப்பதுதான் காட்டுது.”

“அது சரியாத்தான் காட்டுதுங்க. நான்தான் தப்பு. என்னையாட்ட இன்னும் ரெண்டாயிரம் பேரு இருக்கறாங்க. அதுல எத்தன பேரு இந்தத் திடல்ல பாஸாகிப் போனாங்களோ, உங்களுக்குத்தான் தெரியும்.”

இன்ஸ்பெக்டர் அளவுமானியைப் பையில் போட்டார். “ஏய்யா, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? கைக்கு வந்ததுக்கப்புறம் சொல்றியே?”

“கைக்கு வந்தப்பறம்தானுங்க சொல்லோணும். தோத்தவன் சொன்னாப் பொலம்பல்னு போயிருவீங்க.”

ஆன்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாசுகிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தரணி அவள் தலையைத் தடவிக்கொண்டே சிந்துஜாவைத் தேடினான். அவள் பக்கத்தில்தான் நின்றாள். கை நீட்டினால் தொடும் தூரம்.

“என்ன அப்படிப் பாக்கறே?” என்றான். “அரிசிம்பருப்பு செஞ்ச அன்னைக்கே எனக்குத் தெரியும், நீ ஆபீசுக்கு எழுத நெனக்கறேன்னு. எழுதிப் போட்டிருந்தீன்னா நான் உன்ன மன்னிச்சிருக்கவே மாட்டேன். அதான் நானே சொல்லீட்டேன்.”

*

அதன் பிறகு மூடி வைக்க முடியவில்லை. மையம் தன்னிடம் கண் பெற்ற அத்தனை பேருக்கும் சேதி அனுப்பியது. திருத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் வரலாம், செலவு மையத்துடையது. விரும்பாதவர்கள் அப்படியே இருக்கலாம். வண்டி மட்டும் ஓட்டக் கூடாது.

சனம் திரண்டு வரும் என்று ஆன்டோ கூடுதலாகக் கட்டில்கள் போட்டு வைத்திருந்தான். ஆனால் வந்தவர்கள் மொத்தமே ஒரு பஸ்ஸில் அடங்கிவிடும் அளவுதான். மற்றவர்கள் கடிதம் எழுதினார்கள், போனில் கூப்பிட்டார்கள், சிலர் நேரிலேயே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கொடைக்கானல் பக்கத்து அம்மா ஒருத்தி, “எனக்கு எதிர்மலை அவ்வளவு தள்ளி நிக்கிறதுதாம்ப்பா அழகு. அது அங்கேயே நிக்கட்டும்” என்றாளாம். வாடகை ஆட்டோ ஓட்டிய ஒருவன், “வண்டிய வித்துர்றேன் சார், ஆனா இருட்டுக்குப் போக மாட்டேன்” என்று காலில் விழுந்தானாம். வண்டியை விற்பதாகச் சொல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் போனையே எடுக்கவில்லை.

தரணியின் சில்லைத்தான் முதலில் நிறுத்தினார்கள்.

அந்த மாதங்களை சிந்துஜா பிறகு யாரிடமும் விவரித்ததில்லை. வேலை முடிந்து வந்ததும் அவனை மாடிக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைப்பாள். கண்ணில் படுவதை எல்லாம் சொல்லுவாள். ஆரம்பத்தில் அவன் கேட்க வேண்டுமே என்பதற்காக அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு மயில் வந்தால் ஐந்து என்றாள். மேற்கே சாதாரணமாக வெளுத்துக் கிடந்த வானத்துக்குக் குங்குமத்தைப் பூசினாள். ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எந்த ஊரிலோ உட்கார்ந்து ஒரு சிறு பையனுக்காக எண்ணைத் தாராளமாக அள்ளிப் போட்ட மனிதனை நினைத்தாள். அவன்மேல் அவளுக்கு இருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டது. ஆனால் அடுத்த நாளிலிருந்து இரண்டு மயிலை இரண்டு என்றே சொன்னாள்.

புதுப் பயிற்சி தொடங்கி வெகு நாளாகியும் ஒன்றும் வரவில்லை. அவனோடு சேர்ந்தவர்களில் சிலருக்குக் கோடுகள் தெரியத் தொடங்கியிருந்தன. ஒரு மாலை அவன் அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“நெசமாச் சொல்லு. ஆன்டோ என்ன சொல்றான்? இன்னும் எத்தன நாளாகும்?”

சீக்கிரம் என்று சொல்லிவிடலாம். அடுத்த மாதம் என்று சொல்லிவிடலாம். அவன் முகம் அதை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தது.

“தெரியலீங்க,” என்றாள். “ஆன்டோவுக்கும் தெரியல. வராமயே போனாலும் போகலாமாம்.”

அவன் தலையாட்டினான். கையை விடவில்லை.

பார்வை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலில் வெளிச்சம், பிறகு சன்னல் கம்பி, அப்புறம் அவள் முகம். தூரம் படிய இன்னும் பல வாரம் பிடித்தது. இந்த முறை திரையில் வெறும் விளையாட்டு இல்லை. ஆன்டோவின் ஆட்கள் பல்லடத்துக்கே வந்து தரிசில் நாடா பிடித்து அளந்து, கொடி நட்டுப் பழக்கினார்கள். கடைசிக் கொடியையும் தரணி சரியாகச் சொன்ன அன்று, ஆன்டோ அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்து, தூக்க முடியாமல் இருவரும் புழுதியில் விழுந்தார்கள்.

அன்று மாலை தரணி தானாகவே மாடி ஏறினான். சிந்துஜா பின்னாலேயே போனாள். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலாப் பக்கமும் பார்த்தான். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. தென்னந்தோப்பு, தண்ணீர்த் தொட்டி, கோழிப் பண்ணையின் நீளக் கூரை. அவன் முகத்தில் சந்தோஷத்தைத் தேடியவளுக்கு அங்கே வேறு என்னவோ தெரிந்தது.

“என்னாச்சுங்க?”

“அந்தக் காத்தாலை அங்கியா இருக்குது?”

“அங்கதானுங்க இருக்குது.”

“நம்ம ஊரு இத்தன சின்னதா, அம்மிணி?”

“இவ்வளவுதானுங்க,” என்றாள்.

“எத்தன பெருசா இருந்துது தெரியுமா? காலைல எந்திரிச்சு வந்து நின்னா, நடந்து தீராதுன்னு தோணும். மேகமெல்லாம் எங்கியோ...” அவன் கையை நீட்டிக் காட்டி, பாதியில் கீழே போட்டான். “வராத ஆளுக மேல தப்பில்ல. நானும் அவங்களாட்டமே இருந்திருப்பேன்.”

அப்போது பொங்கலூர்ப் பக்கமிருந்து ஒரு பஸ் வளைவில் திரும்பியது.

தரணி சட்டென்று பின்னால் நகர்ந்தான். அவன் கை அவள் மணிக்கட்டைத் தேடி இறுகப் பிடித்தது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வீட்டைக் கடந்து, சைக்கிளில் போன இரண்டு பிள்ளைகளை ஒட்டிப் போயிற்று. பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக் கத்திவிட்டு மிதித்தார்கள்.

“அந்த வளைவு,” என்றான். “அந்த வளைவு இத்தன கிட்டயா?”

“ஆமாங்க.”

“நான் அங்க திரும்பற வண்டியப் பாத்து, ஒரு பீடியப் பத்த வச்சுட்டு, அதுக்கப்பறமேல்ட்டு ரோட்டத் தாண்டலாம்னு நெனச்சிருக்கேன். நேரம் இருக்குதுன்னு றெக்கை வண்டியத் திருப்பியிருப்பேன் சிந்து. அந்தப் புள்ளைங்க...”

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். பஸ் போன புழுதி அடங்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

“ஆன்டோவுக்குப் போனப் போடு,” என்றான்.

“இப்பவா? என்ன சொல்லோணும்?”

“போன எடுக்காத ஆளுக வெலாசமெல்லாம் வேணும்னு சொல்லு. ஒவ்வொருத்தரையா நேர்ல போய்ப் பாக்கறேன். அவங்ககிட்ட டாக்டருக பேசிப் பிரயோசனமில்ல. இருட்டுக்குப் போயிட்டு வந்தவன்தான் பேசோணும்.”

“றெக்கை வண்டி? கம்பெனியில அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கறாங்க.”

“வண்டி எங்கயும் போகாது. முன்னாடி இத முடிச்சுட்டு வர்றேன்.” அவன் இன்னொரு முறை அந்த வளைவைப் பார்த்தான். “நீயும் வா. நான் பேசறப்ப, கூட்டிக் கீட்டிச் சொன்னேன்னா தொடையில கிள்ளு.”